ரெட்ரோ பாணி இண்டி கேம்களை விமர்சித்தல்

ரெட்ரோ பாணி இண்டி கேம் என்ற பெயரில் இன்று கன்சோல் கடைகளில் விற்பவை எல்லாம் ஒரே இனம் அல்ல. குறைந்தது மூன்று வகை உண்டு. முதல் வகை, பழைய கன்சோலிலேயே ஓடும்படி இன்று எழுதப்படுபவை. மார்ஃப்கேட் கேம்ஸ் 2019இல் வெளியிட்ட ‘மைக்ரோ மேஜஸ்’ அப்படிப்பட்டது. நான்கு பேர் சேர்ந்து ஆடக்கூடிய அந்த கேம் முழுவதும் 40 கேபிக்குள் அடங்குகிறது. 1985இல் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ அடங்கியதும் அதே 40 கேபியில்தான். இரண்டாம் வகை, புதிய கன்சோலில் ஓடினாலும் பழைய எந்திரத்தின் விதிகளைத் தானே முன்வந்து ஏற்றுக்கொள்பவை. 2014இல் வந்த ‘ஷவல் நைட்’ இதற்கு நல்ல உதாரணம். கேப்காம் என்ற பெரிய நிறுவனத்தின் படைப்பானாலும், 2008இன் ‘மெகா மேன் 9’ஐயும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம், பின்னால் வந்த பல இண்டி கேம்களுக்கு அது வழிகாட்டி. மூன்றாம் வகையில் பிக்சல்கள் மட்டும் பெரிதாகத் தெரியும். உள்ளே எல்லாமே இன்றைய தொழில்நுட்பம். ‘செலஸ்ட்’ (2018), ‘அனிமல் வெல்’ (2024) ஆகியவை இந்த வகை.

கையில் இருப்பது எந்த வகை என்று கண்டுகொள்வதுதான் விமர்சகரின் முதல் வேலை. அது தெரியாமல் எழுத உட்கார்ந்தால் கேள்வியே தவறிப்போகும். ‘மைக்ரோ மேஜஸ்’ சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்று குறைப்படுவதில் பொருள் இல்லை. ‘செலஸ்ட்’டில் பழைய எந்திரத்தின் மினுங்கல் இல்லையே என்று ஏங்குவதிலும் பொருள் இல்லை. விமர்சகருக்கு அதிக வேலை வைப்பது இரண்டாம் வகை. அங்கே பழைய எந்திரத்தின் ஒவ்வொரு கட்டுப்பாடும் உருவாக்கியவரின் மேசையில் ஒரு கேள்வியாக இருந்திருக்கும்: இதை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா? அந்த முடிவுகள் ஆடுபவரின் கைக்கும் கண்ணுக்கும் என்ன செய்தன என்று சொல்வதே நல்ல விமர்சனம். அந்தக் காலத்து கேமைப் போலவே இருக்கிறதா என்பது அதற்குப் பிறகு வரும் சின்ன விஷயம்.

முடிவுகளை எடைபோட வேண்டுமானால் பழைய எந்திரம் எப்படி வேலை செய்தது என்பது ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும். நிண்டெண்டோவின் ஃபாமிகாம் 1983இல் ஜப்பானில் வந்தது. அதுவே என்இஎஸ் என்ற பெயரில் 1985இல் அமெரிக்காவுக்குப் போனது. அதன் படம் 256 பிக்சல் அகலம், 240 பிக்சல் உயரம். திரையில் ஒரே நேரத்தில் 25 நிறங்கள் வரை காட்டலாம். ஆனால் பின்னணியில் 16க்கு 16 பிக்சல் கொண்ட ஒரு கட்டத்துக்குள் நான்கு நிறம்தான் வரலாம். நகரும் உருவங்களுக்கு ஸ்ப்ரைட் என்று பெயர்; மொத்தம் 64 ஸ்ப்ரைட்கள். ஒரே கிடைவரியில் எட்டுக்கு மேல் வந்துவிட்டால் ஒன்பதாவதை எந்திரம் வரையாது. அப்படி ஒரு எதிரி அடியோடு காணாமல் போனால் ஆட்டம் கெட்டுவிடும் என்பதால், நிரலாளர்கள் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஸ்ப்ரைட்களின் வரிசையை மாற்றிப் போட்டார்கள். ஒரு ஃபிரேமில் ஒருவர் மறைவார், அடுத்ததில் இன்னொருவர். எதிரிகள் கூடும்போதெல்லாம் திரை மினுங்கியதன் காரணம் இதுதான். அழகுக்காக யாரும் அதைச் செய்யவில்லை. வேறு வழியில்லாமல் செய்தார்கள்.

இவ்வளவு தெரிந்த பிறகு ‘மெகா மேன் 9’ஐப் பார்த்தால் அதில் எடுக்கப்பட்ட முடிவுகள் பளிச்சென்று தெரியும். பழைய மினுங்கலை வேண்டுமென்றே திரும்பக் கொண்டுவரும் ஒரு தேர்வு அதன் அமைப்புப் பக்கத்தில் இருக்கிறது. வேண்டாதவர்கள் அதைத் தொடாமலே விடலாம். வேடிக்கையான சேர்ப்பு, அவ்வளவுதான். அதைவிட முக்கியமான முடிவு வேறு இடத்தில் இருக்கிறது. மூன்றாம் பாகத்தில் வந்த சறுக்கலையும் நான்காம் பாகத்தில் வந்த, பட்டனை அழுத்திப் பிடித்துச் சேர்த்துச் சுடும் வித்தையையும் ஒன்பதாம் பாகம் கைவிட்டு, இரண்டாம் பாகத்தின் எளிய கைகால்களுக்குத் திரும்பியது. ஓடு, குதி, சுடு. வேறு எதுவும் இல்லை. இதனால் ஒவ்வொரு எதிரியின் முன்பும் எங்கே நிற்பது என்பது மட்டுமே ஆடுபவரின் கணக்காகிறது. வெளியான நேரத்தில் பல விமர்சனங்கள் மினுங்கலைப் பற்றி உற்சாகமாக எழுதின. சறுக்கல் போனதைப் பற்றி எழுதியிருந்தால் வாசகருக்கு அதிகம் பயன்பட்டிருக்கும்.

‘ஷவல் நைட்’ இன்னும் நுணுக்கமான உதாரணம். யாட் கிளப் கேம்ஸ் 2013இல் கிக்ஸ்டார்ட்டரில் 3 லட்சம் டாலருக்கு மேல் திரட்டி உருவாக்கியது. என்இஎஸ்ஸின் நிறப்பட்டியலை எடுத்துக்கொண்டவர்கள், அதில் இல்லாத சில நிறங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். படம் இன்றைய அகலத் திரைக்கு நீட்டப்பட்டது. பின்னணி பல அடுக்குகளாக, வெவ்வேறு வேகத்தில் நகர்கிறது. அசல் என்இஎஸ்ஸுக்கு அது சுலபமான காரியம் அல்ல. மினுங்கலும் இல்லை, எதிரிகள் கூடினால் ஆட்டம் மந்தமாவதும் இல்லை. மாறாக, இரண்டு பட்டன்களில் முடியும் செயல்கள், அடிபட்டால் பின்னால் தூக்கி எறியப்படுவது, ஒரு திரைக்குள் ஒரே ஒரு புதிர் என்ற லெவல் கட்டுமானம் ஆகியவை அப்படியே இருக்கின்றன. அதாவது கண்ணை உறுத்திய பழைய குறைகள் போயின, கையைப் பழக்கிய பழைய ஒழுங்குகள் நின்றன. இந்தக் கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டினால் போதும். ‘பழைய நினைவுகளைக் கிளறும் படைப்பு’ என்று எழுத வேண்டிய தேவையே இருக்காது.

இதற்கெல்லாம் மூல கேமையும் ஆடிப் பார்க்க வேண்டும். முழுக்க முடிக்க வேண்டியதில்லை; அரை மணி நேரம் போதும். ‘மெகா மேன்’, ‘காசில்வேனியா’ போன்றவற்றின் தொகுப்புகள் இன்றைய கன்சோல்களில் முறையாக வாங்கவே கிடைக்கின்றன. இந்த அரை மணி நேரத்தைத் தவிர்ப்பவர்கள் நினைவை நம்பி எழுதுகிறார்கள், நினைவோ தாராளமாகப் பொய் சொல்லும். பத்து வயதில் ஆடிய கேம் மனதில் அகலத் திரையில், மினுங்கலே இல்லாமல், இசையோடு ஓடும். மறுபடி ஆடிப் பார்த்தால்தான் அது எவ்வளவு முரடாக இருந்தது என்பது தெரியும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. 1990களில் இங்குள்ள பல வீடுகளுக்கு வந்தது நிண்டெண்டோவின் அசல் பெட்டி அல்ல. ஃபாமிகாமைப் பார்த்துச் செய்த நகல் பெட்டிகள். அதில் செருகிய கேசட்டின் மேல் ‘9999 இன் 1’ என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருந்த சில கேம்களே பெயரும் தொடக்க லெவலும் மாறி மாறித் திரும்ப வரும். ‘கான்ட்ரா’, டாங்கிகள் சுட்டுக்கொள்ளும் ‘பேட்டில் சிட்டி’, ‘அட்வெஞ்சர் ஐலண்ட்’ இவைதான் அந்தத் தலைமுறையின் பழைய கேம். ஜப்பானியக் குழந்தைக்கு ‘டிராகன் குவெஸ்ட்’டும் அமெரிக்கக் குழந்தைக்கு ‘செல்டா’வும் தந்த நினைவு இங்கே பெரும்பாலோருக்கு இல்லை. ஆகவே ஒரு புதிய கேம் ‘செல்டா’வை நினைவூட்டுகிறது என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டால் வாசகரில் பாதிப் பேருக்கு எதுவும் போய்ச் சேராது. பெயரைச் சொல்லிவிட்டு, அந்த நினைவூட்டல் எந்தச் செயலில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருவகையில் இது நல்லதுதான். நினைவின் தயவில்லாமல் எழுத வேண்டிய கட்டாயம் எழுத்தைச் சுத்தமாக்கும்.

கன்ட்ரோலரைக் கையில் எடுக்கும் முன் டிவியைச் சரிபார்ப்பது அவசியம். பல டிவிகள் படத்தை மெருகேற்றுவதற்காக ஒவ்வொரு ஃபிரேமையும் சற்று நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் ஒரு ஃபிரேமின் ஆயுள் சுமார் 16.7 மில்லி விநாடி. டிவி அதில் நாலைந்து ஃபிரேம்களை விழுங்கினாலே, பட்டனை அழுத்தியதற்கும் உருவம் குதிப்பதற்கும் இடையே ஒரு கனம் தெரியும். சினிமா பார்ப்பவருக்கு இது பொருட்டே அல்ல. ரெட்ரோ பாணி கேமுக்கோ இதுவே உயிர்நிலை. டிவியின் அமைப்பில் ‘கேம் மோட்’ என்று ஒன்று இருக்கும்; அதைப் போட்ட பிறகுதான் கட்டுப்பாடு மந்தமாக இருக்கிறதா இல்லையா என்று பேச முடியும். டிவியின் குறையைக் கேமின் தலையில் கட்டிய விமர்சனங்கள் ஏராளம்.

அடுத்தது குதித்தல். ரெட்ரோ பாணி கேம்களில் பெரும்பாலானவை குதித்தலின் மேல்தான் நிற்கின்றன. ஆனால் விமர்சனங்களில் அதற்குக் கிடைக்கும் சொற்கள் ‘துல்லியம்’, ‘மென்மை’ என்ற இரண்டுதான். இதைவிடத் தெளிவாகச் சோதிக்கலாம். எதிரி இல்லாத ஒரு மேடையின் விளிம்புக்குப் போய் நின்றுகொள்ள வேண்டும். பட்டனைத் தட்டிவிட்டால் எவ்வளவு உயரம், அழுத்திப் பிடித்தால் எவ்வளவு உயரம் என்று முதலில் பார்க்க வேண்டும். குதித்த பிறகு காற்றில் திசையை மாற்ற முடிகிறதா என்பது இரண்டாவது. முதல் ‘காசில்வேனியா’வில் (1986) முடியாது, குதித்தால் குதித்ததுதான். அந்தக் கண்டிப்பை வேண்டுமென்றே வைத்துக்கொள்ளும் புதிய கேம்களும் உண்டு. மூன்றாவதாக, விளிம்பை விட்டு ஓடி, கால் காற்றில் பட்ட பிறகு குதிக்கும் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். நான்காவதாக, தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்த வேண்டும். இந்தக் கடைசி இரண்டில் கேம் எப்படி நடந்துகொள்கிறது என்பதிலேயே அதை உருவாக்கியவரின் மனம் தெரிந்துவிடும்.

‘செலஸ்ட்’ இந்த இரண்டையும் மன்னிக்கிறது. விளிம்பைத் தாண்டிய பிறகும் சுமார் 0.1 விநாடி வரை குதிக்க விடும். தரையைத் தொடுவதற்கு முன் அழுத்திய பட்டனை நினைவில் வைத்திருந்து, தொட்டவுடன் குதிக்க வைக்கும். மேலே எழும்போது தலை ஒரு மூலையில் சில பிக்சல் அளவுக்கு இடித்தால், உருவத்தைச் சற்று ஒதுக்கி மேலே போகவிடும். குதித்தலின் உச்சியில், பட்டனைப் பிடித்திருந்தால், ஈர்ப்பு பாதியாகக் குறையும். எங்கே இறங்குவது என்று தீர்மானிக்கக் கூடுதலாக ஒரு கணம் கிடைக்கும். இவை எதையும் கேம் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆடுபவருக்குத் தன் கைதான் தேறிவிட்டது என்று தோன்றும். மிகக் கடினமான கேம் என்று பெயர் வாங்கிய ஒன்று அடியில் இவ்வளவு இரக்கம் வைத்திருக்கிறது என்பதை, அந்த விளிம்பில் நின்று சோதித்தவரால்தான் எழுத முடியும். இந்த ஏற்பாடுகள் இல்லாத கேமில் ஆடுபவர் தன்னையே நொந்துகொள்வார். விமர்சகரும் கூடச் சேர்ந்து நொந்துகொண்டால் குறை எங்கே என்பது வெளியே வராது.

எந்த கன்ட்ரோலரில் ஆடியது என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுவது நல்லது. நிண்டெண்டோ ஸ்விட்ச்சின் இடப்பக்க ஜாய்-கானில் ஒட்டிய டி-பேட் கிடையாது. தனித்தனியாக நான்கு பட்டன்கள்தான். மூலைவாட்டு நகர்வு அதிகம் தேவைப்படும் கேமில் இது பெருவிரலுக்கு வேலை வைக்கும். அதே கேம் பிளேஸ்டேஷனின் டி-பேடில் வேறு மாதிரி இருக்கும்.

கடினம் என்பது இந்தத் துறையில் அதிகம் குழப்பப்படும் சொல். பழைய கேம்கள் கடினமாக இருந்ததற்குப் பல காரணங்கள் இருந்தன. அவற்றில் சில கலை சார்ந்தவை, பல வணிகம் சார்ந்தவை. ஆர்கேடில் ஒவ்வொரு தோல்வியும் ஒரு நாணயம். வீட்டு கேசட்டில் இடம் குறைவு. இருபது நிமிடத்தில் முடியக்கூடிய ஒன்றை மாதக்கணக்கில் ஆட வைக்கக் கடினம்தான் கைகொடுத்தது. ‘காசில்வேனியா 3’ஐ எடுத்துக்கொள்ளலாம். 1989இல் ஜப்பானில் வந்த கேசட்டில் கோனாமி தன் சொந்த ஒலிச் சில்லு ஒன்றைச் சேர்த்திருந்தது. வெளிநாட்டு என்இஎஸ்ஸால் கேசட்டிலிருந்து வரும் ஒலியைக் கலக்க முடியாது. ஆகவே அமெரிக்கப் பதிப்பில் இசை மெலிந்தது. கூடவே எதிரிகளின் அடி கடுமையானது. ஒரே கேம், ஒரே பெயர், இரண்டு அனுபவங்கள். ‘அந்தக் காலத்துக் கடினம்’ என்று புதிய கேம் ஒன்று பெருமையடித்துக்கொள்ளும்போது, எந்தக் காலத்து, எந்த ஊர்க் கடினம் என்று கேட்பதில் தவறில்லை.

இன்று ஆர்கேடும் இல்லை, இடப்பற்றாக்குறையும் இல்லை. ஆகவே கடினத்தை வைத்துக்கொள்பவர் அதற்கு வேறு வேலை கொடுத்திருக்க வேண்டும். ‘ஷவல் நைட்’டின் செக்பாயின்ட்கள் கண்ணாடி உருண்டைகளாக நிற்கும். அவற்றை உடைத்தால் காசு கொட்டும். ஆனால் அங்கிருந்து மறுபடி தொடங்கும் வசதி போய்விடும். செத்தால் கையில் இருந்த பணத்தில் ஒரு பகுதி செத்த இடத்திலேயே பைகளாக மிதக்கும்; திரும்பப் போய் எடுத்துக்கொள்ளலாம், வழியில் மறுபடி செத்தால் போனது போனதுதான். உயிர்களின் எண்ணிக்கை என்ற பழைய கணக்கே இல்லை. எவ்வளவு கடினம் வேண்டும் என்பதை ஆடுபவரின் பேராசையே தீர்மானிக்கிறது. 2018இல் இன்டி கிரியேட்ஸ் உருவாக்கிய ‘பிளட்ஸ்டெய்ன்ட்: கர்ஸ் ஆஃப் தி மூன்’ வேறு வழியில் போனது. தொடங்கும்போதே இரண்டு பாணிகளைக் கொடுக்கிறது. ஒன்றில் உயிர்களுக்குக் கணக்குண்டு, அடிபட்டால் பின்னால் எறியப்படலாம். மற்றதில் இரண்டும் கிடையாது. அந்தப் பின்னெறிதல் ஒன்றை எடுத்துவிட்டாலே பள்ளங்களின் பயம் பாதி போய்விடுகிறது என்பதை இரண்டு பாணியிலும் முதல் லெவலை ஆடிப் பார்த்தால் உணரலாம். இப்படிப்பட்ட தேர்வு இருக்கும் கேமில் விமர்சகர் எந்தப் பாணியில் ஆடினார் என்று சொல்லாமல் விடுவது வாசகரை ஏமாற்றுவதற்குச் சமம்.

‘செலஸ்ட்’டின் உதவிப் பாணி இதில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கேமின் வேகத்தைக் குறைக்கலாம், களைப்பே வராமல் செய்யலாம், சாகாமலும் இருக்கலாம். இதைப் போட்டால் கேம் கெட்டுவிடுமா என்ற விவாதத்தில் விமர்சகர் இறங்க வேண்டியதில்லை. போட்டுப் பார்த்து, எந்த இடத்தில் எந்த உதவி பயன்பட்டது என்று எழுதினால், கை நடுக்கம் உள்ளவரும் பார்வை குறைந்தவரும் வாங்கலாமா என்று முடிவு செய்துகொள்வார்கள். விமர்சகரின் சொந்தத் திறமையும் இங்கே ஒரு தகவல்தான். ஒரு பாஸிடம் மாலை முழுவதும் தோற்றவர் அதை மறைக்கத் தேவையில்லை. தோல்விகளுக்குப் பிறகு அந்தச் சண்டை புரிந்ததா, கடைசி வரை குருட்டாம்போக்காகவே இருந்ததா என்பதைத்தான் வாசகர் கேட்பார்.

படத்தைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது பெருக்கல் கணக்கு. ‘செலஸ்ட்’ உள்ளே 320க்கு 180 பிக்சலில் வரையப்படுகிறது. அதை நான்கால் பெருக்கினால் 1280க்கு 720. முதல் ஸ்விட்ச்சைக் கையில் வைத்து ஆடும்போது இருக்கும் திரை. ஆறால் பெருக்கினால் 1920க்கு 1080, அதாவது சாதாரண முழு எச்டி டிவி. இரண்டிலும் மிச்சம் இல்லை. ஒவ்வொரு பழைய பிக்சலும் ஒரே அளவுச் சதுரமாக வரும். மாறாக, 224 வரி உயரத்தில் வரையப்பட்ட படத்தை 1080க்கு நீட்டினால் ஏறத்தாழ 4.8 மடங்கு வரும். சில வரிகள் ஐந்து பிக்சல் தடிமனாகவும் சில நான்கு பிக்சல் தடிமனாகவும் வந்துவிடும். நிற்கும் படத்தில் இது தெரியாது. திரை மெதுவாக நகரும்போது செங்கல் சுவர்கள் நெளிவதுபோல் தெரியும். இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். மெதுவாக நடந்தபடி பின்னணியில் உள்ள ஒரு நேர்கோட்டைப் பார்த்தால் போதும். நல்ல கேம்கள் படத்தை முழு எண்ணால் பெருக்கி, மிச்ச இடத்தை ஓரச் சட்டமாக விட்டுவிடும் தேர்வைத் தருகின்றன.

வேறொரு குறை, அளவு கலந்த பிக்சல். நாயகன் பெரிய பிக்சலில் இருப்பான், எழுத்துகள் சிறிய பிக்சலில் இருக்கும், சுழலும் பாறை இரண்டுக்கும் இடைப்பட்டதாக இருக்கும். பழைய எந்திரத்தில் இது நடக்கவே முடியாது. வேண்டுமென்றே செய்தால் அழகாகவும் வரலாம். கவனக்குறைவால் வந்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பழைய டிவியின் கோடுகளையும் வளைவையும் போலச் செய்யும் வடிகட்டிகளைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. பெரும்பாலானவர்கள் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு அணைத்துவிடுகிறார்கள். ஆனால் எழுத்துகள் கைக்குள் அடங்கும் திரையில் படிக்க முடிகின்றனவா என்பதை ஒருநாளும் விடக்கூடாது. டிவியில் மட்டும் ஆடி எழுதியவர்களின் விமர்சனத்தில் இந்த ஓட்டை அடிக்கடி தெரியும்.

இசைக்குக் கேட்கும் காது போதும், கொஞ்சம் கணக்கும் இருந்தால் நல்லது. என்இஎஸ்ஸில் மொத்தம் ஐந்து ஒலிப் பாதைகள்: மெட்டுக்கு இரண்டு, அடிநாதத்துக்கு ஒன்று, இரைச்சலுக்கு ஒன்று, பதிவு செய்த துணுக்குகளுக்கு ஒன்று. ‘ஷவல் நைட்’டின் இசையை ஜேக் காஃப்மன், ‘காசில்வேனியா 3’இன் ஜப்பானியக் கேசட்டில் இருந்த அதே கோனாமி சில்லின் வரம்புக்குள் அமைத்தார். முதல் ‘மெகா மேன்’ இசையை உருவாக்கிய மனாமி மட்ஸுமாயேவும் அதில் இரண்டு மெட்டுகள் தந்திருக்கிறார். இப்படி வரம்புக்குள் எழுதிய இசைக்கும், இன்றைய மென்பொருளில் ‘பீப்’ ஒலிகளை அடுக்கிய இசைக்கும் வித்தியாசம் ஹெட்ஃபோனில் சட்டென்று தெரியும்.

நீளத்தையும் விலையையும் வகுத்துப் பார்க்கும் பழக்கம் இண்டி கேம்களுக்குப் பெரிய அநியாயம் செய்கிறது. ‘அனிமல் வெல்’ பில்லி பாஸோ என்ற ஒருவர் ஏழு ஆண்டுகள் உழைத்து, சொந்த எஞ்சினில் உருவாக்கியது. அதன் பிசி பதிப்பின் அளவு 40 எம்பிக்கும் குறைவு. முதல் முடிவை எட்டியவர் கேம் முடிந்தது என்று நினைக்கலாம். ஆனால் உள்ளே 64 முட்டைகள் ஒளிந்திருக்கின்றன, அதற்கும் அடியில் இன்னொரு அடுக்குப் புதிர்கள் இருக்கின்றன. ‘எத்தனை மணி நேரம்’ என்று இங்கே ஒரு எண்ணைக் கொடுத்தால் அது பொய்யாகவே இருக்கும். விமர்சகர் எந்த அடுக்கு வரை போனார் என்று சொல்வதுதான் முறை. 2024இல் வந்த ‘யூஎஃப்ஓ 50’ வேறு விதமான தலைவலி. 1980களில் இருந்ததாகக் கற்பனை செய்யப்பட்ட ஒரு நிறுவனத்தின் ஐம்பது கேம்களை, 32 நிறங்கள், இரண்டு பட்டன்கள் என்ற பொது விதிகளுக்குள் உருவாக்கி ஒரே தொகுப்பாகத் தந்திருக்கிறார்கள். ஐம்பதையும் முடித்துவிட்டு எழுதுவது நடக்காத காரியம். எல்லாவற்றையும் தொட்டு, சிலவற்றைக் கடைசி வரை ஆடி, எவை எவை என்று பட்டியலைத் திறந்து வைப்பதே நேர்மை.

மறுமுனையில் ‘வெண்பா’ இருக்கிறது. ரெட்ரோ பாணி அல்ல என்றாலும் இண்டி கன்சோல் கேம்களைப் பற்றிய பேச்சில் தமிழர்கள் அதை விட முடியாது. டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேடு, விட்டுப்போன வரிகளை ஊகித்து இட்லியும் புட்டும் செய்வது என்று ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024இல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. அதே கதையைப் பத்து மணி நேரம் இழுத்திருந்தால் நொந்துபோயிருக்கும். விலை தெரிய வேண்டியது அவசியம்தான். அதை மணியால் வகுப்பது அவசியம் இல்லை.

விமர்சகருக்குப் பெரும்பாலும் இலவசக் குறியீடு வந்துவிடும், வெளியீட்டு நாளுக்கு முன் எழுதக் கூடாது என்ற தேதிக் கட்டுப்பாட்டோடு. இலவசமாகக் கிடைத்ததை ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021இல் சமூக ஊடகப் பிரபலங்களுக்கு வகுத்த நெறிகளில் இலவசப் பொருளும் வெளிப்படுத்த வேண்டிய தொடர்பாகவே கருதப்படுகிறது. கிக்ஸ்டார்ட்டரில் சொந்தப் பணம் போட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். பணம் போட்டவர் தன் முதலீடு வீணாகவில்லை என்று நம்ப விரும்புவார். இதைவிட நுட்பமான சிக்கல் இரக்கம். ஒரே ஆள் ஐந்தாறு ஆண்டுகள் உழைத்த கேமைக் குறை சொல்லப் பலருக்கு மனம் வருவதில்லை. ஆனால் வாசகர் கொடுப்பது அதே காசுதான். உழைப்பின் கதையைத் தனிப் பத்தியில் சொல்லலாம். தீர்ப்புக்குள் அது கலந்துவிடக் கூடாது. குறை சொல்லும்போது இடத்தைச் சுட்டிச் சொன்னால் உருவாக்கியவருக்கும் அது பயன்படும். சின்னக் குழுக்கள் விமர்சனங்களைப் படித்து அடுத்த பேட்சில் திருத்துவது உண்டு. ‘மூன்றாம் லெவல் சலிப்பு’ என்பதில் அவர்கள் திருத்த எதுவும் இல்லை. ‘மூன்றாம் லெவலின் மிதக்கும் மேடைகள் திரைக்கு வெளியே இருந்து வருவதால், குதிக்கும் முன் பார்க்க முடியவில்லை’ என்பதில் இருக்கிறது.

எழுத்தில் ஒப்பீடுகளை அளவாக வைப்பது நல்லது. இன்ன கேமும் இன்ன கேமும் கலந்தது என்று எழுதினால் இரண்டையும் ஆடாதவருக்கு ஒன்றும் புரியாது, ஆடியவருக்கோ எது எவ்வளவு என்று தெரியாது. மதிப்பெண் போடும் இதழாக இருந்தால், எண்ணைக் கடைசியில் தீர்மானிக்க வேண்டும். முன்பே மனதில் எண் விழுந்துவிட்டால் எழுத்து அதை நியாயப்படுத்தத் தொடங்கிவிடும். புதிரும் ரகசியமும் உள்ள கேமில் முதல் ஒரு மணி நேரத்துக்குள் வருவதை மட்டும் வெளிப்படையாகச் சொல்லலாம் என்பது பெரும்பாலும் கைகொடுக்கும் எல்லை.

கடைசியாக, பதிப்பு. இண்டி கேம்கள் வெளியான நாளோடு நின்றுவிடுவதில்லை. ‘ஷவல் நைட்’ கிக்ஸ்டார்ட்டரில் வாக்குறுதி அளித்த கூடுதல் பகுதிகளை 2019 டிசம்பரில்தான் கொடுத்து முடித்தது. இடையில் மூன்று நாயகர்களின் முழுக் கதைகள் சேர்ந்தன. 2014இல் எழுதப்பட்ட விமர்சனம் பேசுவது இன்று கடையில் இருக்கும் பொருளில் ஒரு பகுதியை மட்டுமே. எரிக் பரோன் தனியாக உருவாக்கிய ‘ஸ்டார்டியூ வேலி’யின் 1.6 அப்டேட் பிசிக்கு 2024 மார்ச்சில் வந்தது. கன்சோல்களுக்கு அந்த ஆண்டு நவம்பரில்தான் வந்தது. இடைப்பட்ட மாதங்களில் பிசியில் ஆடியவர் எழுதியதைப் படித்து ஸ்விட்ச்சில் வாங்கியவருக்குக் கிடைத்தது வேறு கேம். ஆகவே கன்சோலின் பெயர், பதிப்பு எண், ஆடிய மாதம் ஆகிய மூன்றும் தலைப்புக்குக் கீழேயே இருக்க வேண்டும். பெரிய அப்டேட் வந்தால் பழைய தீர்ப்பை அழித்து எழுதாமல், தேதி போட்டு ஒரு பத்தியை அடியில் சேர்த்துவிடலாம். ஃபிரேம் குறைவது, சேமித்தது அழிவது போன்ற குறைகள் பேட்சில் சரியானதாக அறிவிப்பு வந்தால், அதே இடத்துக்குப் போய் மறுபடி ஆடிப் பார்த்த பிறகே அந்தப் பத்தியை எழுத வேண்டும்.